பேரிக்காட்டில் லேசு மாதம்

சீசனுக்கு வந்த கார்களெல்லாம் இறங்கிப்போய், குதிரைக்காரர்கள் சேணங்களைக் கழற்றிப் பரணில் போட்டு, சோளக்கதிர் சுட்ட தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துவைத்து, லாட்ஜ்காரர் தன் பெயர்ப்பலகைமேல் கோணிச்சாக்கைப் போர்த்தி, மழை நின்றும் நில்லாமலும், உறைபனி விழுவேன் விழுவேன் என்று மிரட்டியும் விழாமலும் இருக்கிற ஒரு மாதம் பேரிக்காட்டுக்கு உண்டு. அந்த மாதத்தில் அந்த ஊர் ஜனங்களுக்கு உடம்பில் கனம் இருக்காது.

அது ஏன் என்று ஊரில் யாரும் யோசிப்பதில்லை. அந்த மண்ணில் விளைந்ததை அந்த மாதத்தில் தின்றால் லேசாகிவிடும், தின்றது மனிதரானாலும் மாடானாலும், அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால் ஒன்றும் ஆகாது. மலையை விட்டு இறங்கினால் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுகிறபோதே போன கனம் வந்து மடியில் ஏறிக்கொள்ளும். முதல் உறைபனி விழுந்த காலையில் ஊர் மொத்தமும் கட்டிலில் பொத்தென்று அமுங்கி, "ஸ்ஸப்பா, வந்திருச்சு" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்.

அதுவரைக்கும் ஆளுக்கொரு கல் உண்டு. ஆண்கள் கைலி மடிப்பில் கட்டிக்கொள்வார்கள், பெண்கள் ஓடைக் கூழாங்கற்களைப் புடவை ஓரத்தில் வரிசையாக வைத்துத் தைத்துக்கொள்வார்கள், பிள்ளைகளைக் கட்டில் காலில் கட்டிவைப்பார்கள், மாடுகளுக்கு முதுகில் மணல்மூட்டை. கோழிகள் தகரக்கூரையின் உட்புறம் போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே முட்டையிடும், முட்டை நேரே கீழே விழும் என்பதால் வீட்டுக்கு வீடு அடுப்படியில் ஒரு பழைய போர்வையை விரித்துக் கட்டியிருப்பார்கள். அந்த மாதத்தில் சண்டை கிடையாது, ஒருவன் தள்ளினால் தள்ளியவனும் பின்னால் போய்விடுவான். கல்யாணம் கிடையாது, தாலி கழுத்தில் நிற்காமல் முகத்துக்கு நேரே மிதக்கும் என்றொரு எண்ணம். சாவு விழுந்தால் மட்டும் சிரமமில்லை, சாப்பிடுவதை நிறுத்தியவர்கள் கனத்துவிடுவார்கள்.

சிரமமெல்லாம் பிரசவத்தில்தான். பிள்ளை பிறக்கிற அறையில் முடிச்சு இருக்கக்கூடாது என்பது பேரிக்காட்டுக் கட்டுப்பாடு. கொண்டையை அவிழ்த்து, பூட்டைத் திறந்து, மாட்டையும் அவிழ்த்துவிட்டுத்தான் வலிக்கிறவளை உள்ளே படுக்கவைப்பார்கள். கயிறு ஆகாது என்றால் கட்டிவைக்க முடியாது, முடிச்சில்லாமல் கல் நிற்காது என்பதால் அமுக்கிவைக்கவும் முடியாது. அவள் மேலே போய்விட்டால், பெரிய ஆளே காற்றில் நிற்கிற மாதத்தில் கையளவு பிள்ளை என்ன ஆகும், கூரையில் கணப்புப் புகை போக விட்டிருக்கிற ஓட்டை வழியாகப் போயே போய்விடும் என்பது ஊரின் பயம். அப்படிப் போன பிள்ளை யாருடையது என்று கேட்டால் பெயர் சொல்ல ஆள் இல்லை, பயம் மட்டும் எல்லோரிடமும் உண்டு. ஆகையால் லேசு மாதத்தில் பிரசவம் வந்தால் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்து இங்கே இன்னும் எதையும் தின்னாத கனத்த ஆள் ஒருவர் பின்னால் உட்கார்ந்து வலிக்கிறவளைக் கட்டிப்பிடித்து அழுத்திக்கொள்ள வேண்டும். பஸ் டிரைவரின் பெண்டாட்டி பிடித்திருக்கிறாள், காட்டிலாகா ரேஞ்சரின் அம்மா பிடித்திருக்கிறாள், ஒரு வருஷம் யாரும் கிடைக்காமல் பிளாஸ்டிக் குடம் விற்க வந்தவனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு அவன் இன்றைக்கும் தாய்மாமன் முறை.

அப்படி ஒரு மாதத்தின் நடுவில், மத்தியான பஸ்ஸில், வத்தலக்குண்டிலிருந்து காமுத்தாய் வந்து இறங்கினாள்.

காமுத்தாய் மாவு மில் நடத்துகிறவள், நல்ல பருமன். ஷேர் ஆட்டோக்காரர்கள், "அக்கா, நடுவுல உக்காருங்க, வண்டி சாயுது" என்று சொல்லிச் சொல்லி, ஆட்டோவையே விட்டுவிட்டு நடந்து போகிறவள். அவளுடைய ஒரே மகள் ரேணுகா, சந்தைக்குப் பூண்டு ஏற்றிவந்த குழந்தைவேல் என்கிற பேரிக்காட்டுப் பையனோடு போய்க் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டபோது, அவுக வேற நாம வேற என்று சொல்லி, அந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் மில்லைத் திறந்து நாள் பூராவும் மிளகாய் அரைத்தவள். இப்போது ரேணுகாவுக்கு மாதம் முற்றிவிட்டது என்று காதில் விழுந்ததும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மனசு அடித்துக்கொள்ள, மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவது, ஆனால் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று முடிவு செய்து, தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பஸ் போனபிறகு சேற்றில் அவளுடைய காலடி ஆழமாகப் பதிந்து கிடந்ததை டீக்கடை தாசன்தான் முதலில் பார்த்தான்.

"யம்மா! கீழ்நாடா?"

"வத்தலக்குண்டு. ஏன்?"

"ஒரே ஒரு நிமிசம், இந்தத் தகரத்து மேல உக்காருங்களேன். காத்துல தூக்குது, ஆணி அடிக்க முடியல."

"என்னய்யா, நக்கலா?"

"அட, சாமி சத்தியமா இல்லம்மா. உங்கள மாதிரி ஒரு ஆளு வரமாட்டாகளான்னுதான் நாலு வீட்டுல காத்துக் கெடக்கோம்."

சொன்ன வேகத்தில் அவன் கைலி மடிப்பிலிருந்த கல் நழுவி விழ, தாசன் கல்லாப்பெட்டி உயரத்துக்குப் போய், கூரைக் கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே மறுகையால் கும்பிட்டான். காமுத்தாய் அவனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். சந்தைக்கு வந்த பேரிக்காட்டு ஆட்கள் இப்படி ஏதோ சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். போய்த் தகரத்தின்மேல் உட்கார்ந்தாள். ஆணி அடித்தாயிற்று. அடுத்த வீட்டில் மூடாத டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தாள், அதற்கடுத்த வீட்டில் வாய் தைக்க முடியாத பூண்டு மூட்டைமேல். மகள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் தெருவில் பாதிப்பேர் அவளை மகராசியாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். தன் உடம்புக்கு யாரும் நல்ல வார்த்தை சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, அதனால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடுகடுவென்றே வைத்துக்கொண்டாள்.

குழந்தைவேலின் அம்மா வேலம்மாள், ஒல்லியான, வாய் ஓயாத மனுஷி, வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததில் பாதி பாசம், பாதி அவளே மேலே போய்விடாமல் இருக்க.

"வாங்க மதினி, வாங்க. வழி தெரிஞ்சுதா ஒருவழியா?"

காமுத்தாய் அதற்கு முறை சொல்லிப் பதில் சொல்லவில்லை. "புள்ள எங்க?" என்றாள்.

ரேணுகா ஜன்னலோரம் இருந்தாள். பழைய வேட்டியால் ஒரு கால் ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டு, பெரிய வயிற்றோடு, கட்டிலுக்கு ஒரு சாண் மேலே, வலது பக்கம் ஒருக்களித்து, காற்றில் படுத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அத்தே, வந்தவங்க சாப்பிடுறாங்களான்னு கேளுங்க."

"சோறு கொண்டாந்திருக்கேன்னு சொல்லுங்க," என்றாள் காமுத்தாய்.

"கொண்டாந்திருப்பாங்கன்னு தெரியும். கேக்கணுமேன்னு கேட்டேன்னு சொல்லுங்க."

"கெளம்பச் சொல்லுங்க. சாயங்கால பஸ்ஸுக்குப் போயிரலாம்."

"எங்க வீட்டுல கை நனைக்காதவங்க வீட்டுக்கு நானும் பிள்ளை பெத்துக்க வரமாட்டேன்னு சொல்லிருங்க அத்தே."

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீக, என்னை என்னத்துக்கு டெலிபோனாக்குறீக?" என்று வேலம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பஸ் வரவில்லை. மறுநாள் விடிந்ததும், பெருமாள்பாறை வளைவில் மண்சரிந்து ரோட்டையே காணோம் என்று தகவல் வந்தது. குழந்தைவேலின் ஜீப்பும் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. வளைவுகளை முழுக்க இறங்காததால் கனம் திரும்பாத அவன் மட்டும் கல்லைக் கழற்றிவிட்டு, மரத்துக்கு மரம் பிடித்து, சரிவின்மேல் மிதந்து வீடு வந்து சேர்ந்தான், மாமியாரைப் பார்த்து "வாங்கத்தே" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இனி ஆஸ்பத்திரியும் இல்லை, தாய்வீடும் இல்லை என்று தெரிந்ததும் வேலம்மாள் காமுத்தாயைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"மதினி, ரோடு தொறக்க எத்தனை நாளாகுமோ. ஊருல இப்ப கீழ்நாட்டு ஆளு நீங்க ஒருத்திதான். ரேணுகாவப் புடிக்க உங்களை விட்டா ஆளில்ல."

"எம்மகள நான் புடிக்காம?"

"அதுக்கு நீங்க கனமா இருக்கணும். இங்க எதையும் வாயில வச்சிரக்கூடாது." வேலம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "என் விதியப் பாருங்க. வீட்டுக்கு வந்த சம்பந்திய, சாப்பிடுங்கன்னு சொல்ல வேண்டியது என் முறை. சாப்பிட்டுறாதீகன்னு கும்பிட வேண்டியவளும் நானாப் போயிட்டேன்."

"நான் எங்க சாப்பிடப் போறேன்," என்றாள் காமுத்தாய் விறைப்பாக.

விறைப்பு புளிச்சோறு இருந்த மட்டும் இருந்தது. அது தீர்ந்தபிறகு, பெட்டிக்கடையில் கிடந்த பன்னையும் பிஸ்கட்டையும் தண்ணீரில் முக்கித் தின்றாள், அவை கீழிருந்து வந்தவை, குற்றமில்லை. ஊருக்கும் விஷயம் போயிருந்தது. அவள் தெருவில் வருவதைக் கண்டால் கேரட் கழுவுகிறவர்கள் கூடையை மூடினார்கள். தாசன் டீ கொடுக்க மாட்டேன் என்றான், பால் இந்த ஊர் மாட்டுடையது. "கறுப்பு டீ குடிங்கம்மா, தூளும் சீனியும் கீழ இருந்து வந்தது," என்று அவனே ஆற்றிக் கொடுத்தான். வத்தலக்குண்டில் ஊரே அவள் என்ன தின்கிறாள் என்று பார்த்துச் சிரிக்கும். இங்கே ஊரே அவள் தின்னாமல் பார்த்துக்கொண்டது, சிரிக்காமல்.

வேலம்மாள் மத்தியானம் மத்தியானம் உருளைக்கிழங்கும் முழுப்பூண்டும் போட்டுக் குழம்பு வைப்பாள். தாளிக்கிற வாசம் கூரை வரைக்கும் போய்க் கோழிகளையே கொக்கரிக்க வைக்கும். காமுத்தாய் சுவரில் சாய்ந்து, மகள் காற்றில் ஒருக்களித்தபடி தட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பூண்டாக நசுக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் பூண்டைத் தட்டோரம் ஒதுக்கிவைத்த பிள்ளை. யார் பழக்கினார்கள் என்று கேட்க நினைத்து, பன்னைப் பிய்த்துத் தண்ணீரில் முக்கினாள். ஒருநாள் வேலம்மாள் வெளியே போயிருந்த நேரம் எழுந்துபோய்ச் சட்டியைத் திறந்தாள், கரண்டியை எடுத்தாள். வாசலில் வேலம்மாள் குரல்.

"மதினீ! வச்சிருங்க! பிள்ளை பொறந்த மறுநிமிசம் அண்டாவோட தாரேன்."

வைத்துவிட்டாள். உள்ளேயிருந்து ரேணுகா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கரண்டி எடுத்த சத்தம் கேட்டது, வைத்த சத்தமும் கேட்டது. வைத்த சத்தத்தைத்தான் மனசில் வைத்துக்கொண்டாள்.

வலி ஒரு பகலில், மூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்ற வேளையில் எடுத்தது. மருத்துவச்சி சவரியம்மா வந்தாள், வாசலிலேயே இடுப்புக் கல்லை அவிழ்த்துப் போட்டுவிட்டு நிலைப்படியைப் பிடித்துத் தலைக்குமேலாக நீந்தி உள்ளே வந்தாள். அடுப்படிப் போர்வையை அவிழ்த்தார்கள், கொடிக்கயிற்றை அவிழ்த்தார்கள், குழந்தைவேல் மாட்டை அவிழ்த்துவிட்டு, தன் சட்டைப் பொத்தானையும் அவிழ்த்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றான். ரேணுகாவின் காலில் இருந்த வேட்டியையும் அவிழ்த்தார்கள். அவள் மெதுவாக எழும்ப ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மில்லுக்காரம்மா, வாங்க, பின்னால உக்காந்து புடிங்க," என்றாள் சவரியம்மா.

காமுத்தாய் கட்டிலில் ஏறினாள். அவள் கை தோளில் படுவதற்கு முன் ரேணுகா கம்பியை விட்டுச் சுவரில் காலால் உந்தி அறையின் அந்த மூலைக்குப் போய்விட்டாள்.

"என் வீட்டுச் சோறு ஆகாதுன்னு இருக்கவங்க கை என்மேல பட வேணாம்."

"ஏத்தா, இந்த நேரத்துலயா வீம்பு?" என்று வேலம்மாள் கத்தினாள். "சாப்பிடாதீகன்னு சொன்னது நாந்தானே!"

"நீங்க சொன்னது இப்ப, அத்தே. அவங்க தூக்குச்சட்டி கட்டுனது அங்க."

அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. காமுத்தாய் அந்த மூலைக்குப் போனாள், ரேணுகா இந்த மூலைக்கு வந்தாள். கனத்த ஆள் தரையில் நடந்து துரத்த, லேசான ஆள் காற்றில் நழுவ, பார்க்க விளையாட்டுப்போல இருந்தது, ரேணுகாவின் உதடு கடிபட்டு ரத்தம் வந்திருந்தது தெரிகிற வரைக்கும். காமுத்தாய் நின்றாள். மூச்சு வாங்கியது. புகை போகிற ஓட்டையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள், கதவைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வேலம்மாள் பின்னால் ஓடி வருவதற்குள் அவள் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"மதினீ! கெடுத்துறாதீக! புள்ள போயிரும்!"

"கனமா இருந்து நான் என்னத்தப் புடிக்க? கிட்டயே விடமாட்டேங்கிறாளே."

பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். பன்னும் பிஸ்கட்டுமாகக் காய்ந்து கிடந்த வயிறு அந்த மலையின் பூண்டையும் கிழங்கையும் காத்திருந்து வாங்கிக்கொண்டது. எல்லோருக்கும் ஒரு பொழுது கழித்துப் போகிற கனம் அவளுக்குப் பாதித் தட்டிலேயே போனது. முதலில் முழங்கால் வலி போயிற்று, பிறகு பாதத்தின் கீழ் பலகை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு, எச்சில் கையோடு, சுவரைத் தடவித் தடவி, பழகாத நடையில் காற்றில் தள்ளாடி உள்ளே போனாள். அவள் உயரே வருவதையும், விரல்களில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருப்பதையும் ரேணுகா பார்த்தாள். இந்த முறை நழுவவில்லை. காமுத்தாய் இடது கையால் மகளைப் பின்னாலிருந்து சேர்த்து அணைத்துக்கொள்ள, பிடிக்க ஒன்றும் இல்லாத இரண்டுபேரும் சேர்ந்து கூரைக்குப் போனார்கள்.

கனம் போனாலும் காமுத்தாய்க்கு அகலம் போகவில்லை. தகரத்தில் முதுகு பட்டதும் அவள் நகர்ந்து நகர்ந்து, புகை போகிற ஓட்டைமேல் முதுகைச் சரியாகக் கொடுத்து அடைத்துக்கொண்டாள். அறை இருண்டது. வெளியே ஈரக்காற்று அவள் முதுகை ஊசியாகக் குத்தியது.

"இப்ப எங்க போகும்னு பாப்போம்," என்றாள்.

"எனக்கு மேலயும் ஒண்ணுதான், கீழயும் ஒண்ணுதான்," என்று சவரியம்மாவும் உத்தரத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திரும்பி வேலையைப் பார்த்தாள். கோழிகள் ஒதுங்கி இடம் விட்டன. கீழே வேலம்மாள் கட்டில் காலில் பாதத்தைக் கோத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் முந்தானையை விரித்துப் பிடித்து, எதற்கு விரித்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாமல் அண்ணாந்து நின்றாள். ரேணுகா அம்மாவின் தொடையில் நகம் பதியப் பிடித்துக்கொண்டு, ஊரிலுள்ள எல்லாச் சாமியையும், குழந்தைவேலையும், மாவு மில்லையும் திட்டினாள். காமுத்தாய், "திட்டு, நல்லாத் திட்டு, அந்த மிளகாய் அரைச்சதையும் சேத்துத் திட்டு," என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை வந்தது, பெண்பிள்ளை. அழுதது. மேலே போகும் என்று நினைத்துச் சவரியம்மா தன் உள்ளங்கையைப் பிள்ளைக்கு மேலே குவித்து வைத்திருந்தாள், அது கைக்குக் கீழே போய்விட்டது. பதறிப் பிடித்தவள் உள்ளங்கையில் ஏந்தித் தூக்கிப் பார்த்தாள்.

"அடப்பாவிகளா. கனக்குதே."

பிறகு அதைப்பற்றி ஊர் பலவிதமாகப் பேசியது. கீழ்நாட்டு ரத்தம், அதனால் கனம் என்றார்கள் சிலர். இன்னும் ஒரு வாய் தின்னாத பிள்ளைக்கு லேசு எப்படி வரும், கூரையிலிருந்து விழுகிற முட்டையைப் பார்த்தாவது நமக்கு உறைத்திருக்க வேண்டாமா என்றார்கள் சிலர். இத்தனை காலமும் பிள்ளை பெறுகிறவளை மேலே விட்டுப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை, பிறந்த பிள்ளையையும் மேலே போகாமல் அமுக்கி அமுக்கியே பிடித்ததில் அதன் கனத்தை யாரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. குடம் விற்றவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அதெல்லாம் பிறகு.

அந்த நேரத்தில் சவரியம்மா கொடியை அறுத்து, முடிச்சில்லாத வீட்டின் முதல் முடிச்சைத் தொப்புளில் போட்டு, பிள்ளையைத் துடைத்து ரேணுகாவின் நெஞ்சில் வைத்தாள். வைத்ததும் ரேணுகா இறங்கினாள். ரேணுகாவைக் கட்டிக்கொண்டிருந்த காமுத்தாயும் ஓட்டையை விட்டுப் பெயர்ந்து இறங்கினாள். ஓட்டையில் அடைபட்டிருந்த வெளிச்சம் அறைக்குள் விழுந்தது. அவசரமில்லாமல், ஒரு சருகு இறங்குகிற நிதானத்தில், அந்தச் சின்ன உடம்பின் கனம் இரண்டு பெரிய உடம்புகளைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வேலம்மாள் விரித்த முந்தானையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள், வெளியே குழந்தைவேல் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான்.

ரேணுகா கண்ணை மூடிக்கொண்டே, "அம்மா, இவளைப் புடி," என்றாள்.

ரேணுகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள, காமுத்தாய் இடது கையில் வாங்கிக்கொண்டாள். வலது கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. வேலம்மாள் அதைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொம்பில் வெந்நீர் கொண்டுவந்தாள்.

"கையக் காட்டுங்க, ஊத்துறேன்."

"இருங்க மதினி," என்றாள் காமுத்தாய். "கழுவுறதுக்கு இப்ப என்ன? பாதிச் சோத்துல எந்திரிச்சு வந்தவ நான். தட்டு அங்கதானே இருக்கு?"

"ஆறிப்போயிருக்கும். சுட வச்சுத் தாரேன்."

"ஆறினா என்ன."

அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தாள். பிள்ளை இருந்ததால் பலகையைவிட்டு எழும்பவில்லை. ஆறிப்போன குழம்புச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்து, தட்டை வேலம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க. பூண்டும் ரெண்டு எடுத்து வைங்க."